அத்தைக்கு என் பேச்சு மட்டும்தான் புரிகிறதாம்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 48 வயது. கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்தவள். சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். கணவர் குடும்பம் நான்கு தலைமுறையாக இங்கேதான். அவருக்கும் அவருடைய இரண்டு தங்கைகளுக்கும் கோயிலில் தேவாரம் பாட வரும், தமிழ் பேச வராது. மாமியாருக்கு 79 வயது. மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். மூன்று வருடமாக டிமென்ஷியா. கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு ஆங்கிலம் விட்டுப்போய், சின்ன வயதில் பேசிய தமிழ் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதனால் குளிப்பாட்ட, ஊட்ட, ராத்திரி எழுந்தால் சமாதானப்படுத்த எல்லாவற்றுக்கும் நான்தான். "மா உன் பேச்சைத்தானே கேக்கறாங்க" என்று சொல்லி எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். காலையில் நான் துணிக்கடை வேலைக்குப் போகும் ஐந்து மணி நேரம் ஒரு ஸூலு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அத்தை "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைப் பிடித்து ஆட்டியபோது கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். மறுநாள் மணிக்கட்டு நீலமாகக் கன்றியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஆடிக் கூழுக்குக் கோயிலில் காய் நறுக்கும்போது, என்னால் முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். "நீ தங்கமான மருமக. நம்ம பாட்டிங்க கரும்பு வெட்டிக்கிட்டே பிள்ளை பெத்தவங்க. பொம்பளைக்கு அந்த சக்தி உண்டு" என்றார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு அக்கா மட்டும் மெதுவாக, "நானும் எங்க மாமியை ஒரு தடவை அடிச்சிருக்கேன்" என்றார். (பேச்சு ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.) அன்று ராத்திரி எப்படியோ நன்றாகத் தூங்கினேன்.

நான் கெட்டவளா? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது. பீரியட்ஸ் முன்பின்னாக வருகிறது, வந்தால் பத்து நாளானாலும் நிற்பதில்லை. 2021இல் ஊரில் அம்மா இறந்தபோது விமானம் இல்லை, போக முடியவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா எழுதுகிறேன். என் பெயர் வேண்டாம்.

பதில்:

சகோதரி, அந்த மணிக்கட்டிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கடிதம் எழுதியதே அதற்காகத்தான் என்று தோன்றுகிறது.

79 வயதில் தோல் மெலிந்திருக்கும். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வேறு மாத்திரையோ சாப்பிடுகிறவர் என்றால் லேசாகப் பிடித்தாலே கன்றிப்போகும். ஆகவே நிறத்தை வைத்து, எவ்வளவு பலமாகப் பிடித்தீர்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் "இறுக்கி" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பரவாயில்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வயதானவர்களைத் துன்புறுத்துவது இந்த நாட்டில் 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி குற்றம். அது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. இது இப்படியே போனால் அடுத்த தடவை கன்றலோடு நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன். கை எழப்போகிறது என்று தெரிந்தவுடன் அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வாசல் பூட்டியிருக்கிறது, அடுப்பு அணைந்திருக்கிறது என்றால் அத்தை ஐந்து நிமிடம் தனியாக அழுதால் ஒன்றும் ஆகிவிடாது. பின்கட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போங்கள். பெரும்பாலும் அதற்குள் அவருக்கே மறந்திருக்கும்.

கெட்டவளா என்றால், இல்லை. ஆனால் அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருக்கிறது. இது மறுபடி நடக்காமலிருக்க யார் யார் என்னென்ன செய்ய வேண்டும்? நீங்கள் செய்ய வேண்டியது அதில் குறைவு. மற்றவர்கள் செய்ய வேண்டியதுதான் அதிகம்.

முதலில் அந்த "வீட்டுக்குப் போகணும்". டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது மிகச் சாதாரணம். டர்பனில் ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. நாலரைக்கே விளக்குகளைப் போட்டுத் திரைகளை இழுத்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடுவதால் பயனில்லை. அவர் கேட்பது சாட்ஸ்வர்த் வீட்டை அல்ல. மேகசின் பாரக்ஸ் என்பது டர்பன் நகரசபைத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்த இடம். பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1960களில் அங்கிருந்தவர்களைக் காலிசெய்து சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். உங்கள் அத்தை தேடும் வாசல் இன்று இல்லை. ஆனால் பேச்சில் அங்கே போய்வரலாம். "பக்கத்து வீட்டுல யாரு இருந்தாங்க? குழாயடியில யாரு சண்டை போடுவாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கதவை விட்டுவிட்டுக் கதைக்கு வந்துவிடுவார். தினமும் வேலை செய்யாது, பாதி நாட்கள் செய்யும். ஒருவேளை இந்தக் குழப்பம் திடீரென்று இரண்டு மூன்று நாளில் கூடினால், நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, உடம்பில் தண்ணீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, உங்கள் பேச்சு மட்டும்தான் அவருக்குப் புரிகிறது என்ற அந்தக் கதைக்கு வருகிறேன்.

பிந்திக் கற்ற மொழி முந்திப் போவதை நான் இங்கே பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அது உண்மை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே அந்தக் கதையை உடைக்கும் ஓர் ஆள் இருக்கிறார், நீங்கள் கவனிக்கவில்லை. தினமும் ஐந்து மணி நேரம் வரும் அந்த ஸூலு அம்மாவுக்குத் தமிழில் என்ன தெரியும்? அவரிடம் அத்தை சாப்பிடுகிறாரா, இல்லையா? கழிப்பறைக்குப் போகிறாரா, இல்லையா? ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பெண் ஐந்து மணி நேரம் சமாளிக்கும்போது, பெற்ற பிள்ளைகள் மூன்று பேரால் ஏன் முடியாது? குரலின் தணிவு, தொடும் விதம், ஒரே ஒழுங்கில் செய்வது, அவசரப்படாமல் இருப்பது, இவை எந்த மொழியிலும் இருக்கலாம். உங்கள் வீட்டில் தமிழ் ஒரு நல்ல சாக்காகிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. செளகரியமாக இருந்தது, அப்படியே நின்றுவிட்டது.

(அந்த அம்மாவும் தன் வீட்டில் யாரையோ விட்டுவிட்டுத்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறார். அதை அவரிடம் ஒருநாள் கேளுங்கள். கூலியையும் விடுப்பையும் சட்டப்படி கொடுங்கள்.)

தமிழ் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பத்து வாக்கியம் போதும். "தண்ணி வேணுமா?" "எங்க வலிக்குது?" "பாத்ரூம் போலாமா?" "நான் இங்கதான் இருக்கேன்." "சாப்பிட்டாச்சு, இனிமே தூங்கலாம்." இவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். உங்கள் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கும் அனுப்புங்கள். தேவாரத்தை மனப்பாடமாகப் பாடுகிற நாக்குக்கு "எங்க வலிக்குது" வராதா? மகன் தப்பும் தவறுமாகச் சொன்னால் அத்தை சிரிப்பார், அவ்வளவுதான். சிரிக்கட்டுமே.

ஒன்றில் கவனமாக இருங்கள். வேலையைக் கொடுக்கும்போது முழுசாகக் கொடுங்கள். சுமையில் பாதி கைவேலை; மீதி, நினைவில் வைத்திருப்பது. எந்த மாத்திரை என்றைக்குத் தீரும், டயப்பர் எத்தனை மிச்சம், அடுத்த கிளினிக் தேதி எது, நகம் எப்போது வெட்டியது என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. கணவர் "சொல்லு, செய்யறேன்" என்பார். நல்ல மனிதர்தான், நம்புகிறேன். ஆனால் சொல்வதே ஒரு வேலை என்பது அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை குளியல் அவருடையது என்றால் துண்டு எடுப்பது, சோப்பு வாங்குவது, அத்தை மறுத்தால் என்ன செய்வது என்று யோசிப்பது வரை எல்லாம் அவருடையது. நீங்கள் அந்த நேரம் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் ஐந்தாவது நிமிடம் உங்களைக் கூப்பிடுவார், நீங்களும் போவீர்கள்.

சட்டமும் இந்த வேலையைக் கண்டுகொள்வதில்லை. குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருடத்துக்கு மூன்று நாள் இருக்கிறது. பிள்ளைக்கு உடம்பு முடியாவிட்டால் எடுக்கலாம், பெற்றோர் இறந்தால் எடுக்கலாம். பெற்றோர் நோயில் கிடந்தால் எடுக்க முடியாது. மாமியார் என்ற உறவே அந்தப் பட்டியலில் இல்லை, இறந்தால்கூட. உங்கள் முதலாளியிடம் கேட்டு வாங்குவது அவர் மனதைப் பொறுத்தது. ஆனால் பணம் கொஞ்சம் கேட்டுப் பெறலாம். அத்தைக்கு சாஸாவின் (அரசின் சமூக உதவித்தொகை அமைப்பு) முதியோர் உதவித்தொகை வருகிறது என்றால், முழுநேரமும் இன்னொருவர் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அதோடு சேர்த்துத் தரும் கூடுதல் தொகை ஒன்று உண்டு. மருத்துவச் சான்று கேட்பார்கள். பெரிய தொகை இல்லை, டயப்பருக்காவது ஆகும். இன்னொன்றைக் கணவரிடம் சொல்லுங்கள். அத்தையின் வங்கிக் கணக்கை அவர் பவர் ஆஃப் அட்டர்னி வைத்து நடத்திவந்தால், தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அது அத்தைக்குப் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் செல்லும். நோய் முற்றிய பிறகு செல்லாது. வக்கீலைப் பார்க்க வேண்டியது அவர் பொறுப்பு. இதையும் நீங்கள் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டாம்.

கோயிலில் காய் நறுக்கியவர்கள் சொன்னதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, ஒளிக்கவில்லை. அவர்கள் நல்லவர்கள். உங்களை நோகடிக்க எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் "தங்கமான மருமக" என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவள் வாயைத் திறக்க முடியாது. தங்கம் கத்துமா? கன்றிய மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல வந்தவள் அதை விழுங்கிக்கொண்டு வெண்டைக்காயை நறுக்க வேண்டியதுதான்.

பாட்டிகளையும் இழுக்கிறார்கள். இழுக்கட்டும், ஆனால் முழுக் கதையையும் சொல்லட்டும். 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்குக் கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளில், ஆணுக்கு முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். கரும்புத் தோட்டத்தில் இறங்கிய பெண்ணுக்கு அதில் பாதி. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி வெட்டு. அந்தப் பெண்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கரும்பு வெட்டியது அவர்களிடம் ஏதோ தனிச் சக்தி இருந்ததால் அல்ல. வேறு வழியே விடவில்லை என்பதால். அதைப் பெருமையாக மட்டும் சொல்லும்போது, பாதிக் கூலி கொடுத்தவன் தப்பித்துப் போகிறான்.

பெருமைப்பட நமக்கு வேறு இருக்கிறது. 1913இல் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று கேப் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு தலைவரி அதற்கு முன்பிருந்தே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தைகளோடு, எல்லை தாண்டி நேட்டாலில் உள்ள நியூகாசிலுக்குப் போய்ச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டார்கள். கைதாகி பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதம் இருந்தார்கள். அடுத்த வருடம் வரி போயிற்று. சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் படத்தை மட்டும் மேடையில் வைத்து மாலை போடுகிறோம். அவர்கள் கூட்டமாகப் போனார்கள் என்பதை யாரும் பேசுவதில்லை. ஒருத்தி தாலி பறிபோகும் பயத்தைச் சொல்லியிருப்பாள், இன்னொருத்தி வரி கட்ட முடியாததைச் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். யாரும் அவர்களிடம் "நீ தாங்குவே" என்று சொல்லி வீட்டில் உட்கார வைக்கவில்லை.

பாத்திரம் கழுவும் இடத்து அக்காவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே அவர்தான் மருத்துவம் செய்திருக்கிறார். புத்தி சொல்லவில்லை, பாராட்டவில்லை. தன் வெட்கத்தைத் தூக்கி உங்கள் பக்கத்தில் வைத்தார். நீங்கள் தூங்கினீர்கள். மனநல மருத்துவர்கள் கூட்டு ஆலோசனை என்ற பெயரில் நடத்துவதன் சாரம் ஏறத்தாழ இதுதான். அவரைத் தேடிப் போங்கள். உங்கள் மணிக்கட்டுக் கதையை அவரிடம் முழுசாகச் சொல்லுங்கள். உங்களைப்போல வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்னும் இரண்டு பேராவது அந்தக் கோயிலிலேயே இருப்பார்கள். அல்சைமர்ஸ் சவுத் ஆப்பிரிக்கா நடத்தும் கூட்டங்களும் உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவது சிலருக்கு எளிது.

ஆனால் ஒன்று, இதை நான் எல்லாப் பெண்கள் கூட்டத்திலும் சொல்லி நல்ல பெயர் கெட்டுப்போனவள். பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி அழுது, கொஞ்சம் இலேசாகி, வீட்டுக்குப் போய் அதே வேலையை மறுபடி எடுத்துக்கொள்வதுதான் நடக்கிறது. அழுதது தெரியாததால் வீட்டில் எதுவும் மாறுவதில்லை. நாம் நமக்குள் பேசிப் பேசியே ஆண்களுக்கு உபகாரம் செய்துவருகிறோம். அந்த அக்கா செவ்வாய்க்கிழமை மதியம் வந்து இரண்டு மணி நேரம் அத்தையோடு இருக்க ஒப்புக்கொண்டால் சந்தோஷம், பதிலுக்கு நீங்களும் அவருக்கு ஏதாவது செய்யலாம். ஆனால் அது நாத்தனார்களின் சனிக்கிழமைக்கும் கணவரின் ஞாயிற்றுக்கிழமைக்கும் மாற்றாகிவிடக் கூடாது. மூன்று பேரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். மணிக்கட்டையும் சொல்லுங்கள். கதவு இடித்தது என்று அவர்கள் நம்பும்வரை, உங்களால் முடிகிறது என்றும் நம்புவார்கள். பயமாக இருந்தால் இந்தப் பக்கத்தை யாரையாவது ஆங்கிலத்தில் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

அம்மாவின் சாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பந்தமில்லாததை யாரும் கடிதத்தின் கடைசியில் எழுதுவதில்லை. பெற்றவளின் கடைசி நாட்களில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. இங்கே உங்கள் மொழியிலேயே பேசும் ஒரு கிழவி, உங்கள் கையால் சாப்பிடுகிறாள். அவளை நீங்கள் விடமாட்டீர்கள். யாராவது உதவிக்கு வந்தாலும், "அவங்களுக்குச் செய்யத் தெரியாது" என்று ஒருவேளை நீங்களே திருப்பி அனுப்பியிருக்கலாம். நான் குற்றம் சொல்லவில்லை. அத்தைக்கு நீங்கள் செய்வதில் கொஞ்சம் உங்கள் அம்மாவுக்கும் போகிறது, அது நல்லதே. ஆனால் அம்மாவுக்கான துக்கத்தைத் தனியாக ஓரிடத்தில் வையுங்கள். ஊருக்குப் போய்வர இன்னும் முடியவில்லை என்றால் அடுத்த திதிக்காவது போங்கள். இரண்டு வாரம் நீங்கள் இல்லாமல் அந்த வீடு நடக்கிறதா என்று எல்லோருக்கும் தெரியட்டும். பக்கத்திலேயே ஆர்யன் பெனவலன்ட் ஹோம் இருக்கிறது, 1921இல் தொடங்கியது. அங்கே குறுகிய காலத்துக்கு எடுத்துக்கொள்வார்களா என்று கணவர் விசாரிக்கலாம். இல்லத்தில் விடுவதா என்று உறவுக்காரர்கள் வாய் பொத்தி நிற்பார்கள். நிற்கிறவர்களிடம் சனிக்கிழமை காலியா என்று கேளுங்கள்.

கடைசியாக உங்கள் உடம்பு. பைத்தியம் இல்லை. 48 வயதில் ராத்திரி வேர்வை, தூக்கக்கேடு, சிடுசிடுப்பு, முன்பின்னான பீரியட்ஸ் எல்லாம் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களில் வருபவை. சராசரியாக 51 வயது வாக்கில் முழுமையாக நிற்கும். தூக்கமில்லாமல் யாருக்கும் பொறுமை இருக்காது. அந்தச் சாயங்காலத்தில் இதற்கும் பங்கு உண்டு. சிகிச்சை இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சை பலருக்கு நன்றாகக் கேட்கும். கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டரோனும் சேர்த்துத்தான் தருவார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை, அவர்களுக்கு வேறு மாத்திரைகள் உண்டு. ஆனால் பத்து நாள் நிற்காத ரத்தப்போக்கை "இந்த வயசுல அப்படித்தான்" என்று விடக் கூடாது. 45 தாண்டியவர்களுக்கு இப்படி வந்தால் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் கருப்பையின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். நார்க்கட்டியாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள். கருப்பைவாய்ப் பரிசோதனை அரசு கிளினிக்கில் இலவசம். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு எப்போதாவது வந்தால் மட்டும் அதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். சாடாக் என்ற மனநல உதவி அமைப்பின் தொலைபேசியை ராத்திரியிலும் அழைக்கலாம்.

இந்த வாரமே மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். அன்று காலை அத்தையோடு யார் இருப்பது, என்ன ஊட்டுவது, மாத்திரை யார் கொடுப்பது என்று எதையும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டாம். தேதியை மட்டும் கணவரிடம் சொல்லுங்கள்.